வெட்டக்கூடாத இடத்தைக் காட்டியதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூளைப் படமெடுப்பிலும் வலிப்பு நோய் ஆராய்ச்சியிலும் வாழ்நாளைச் செலவிட்ட நரம்பியல் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு பத்திரிகை முழுப்பக்கம் ஒதுக்கியதே சந்தோஷம், அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருகிறேன். பட்டங்கள் இருந்தன, பரிசுகள் இருந்தன, எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார் என்ற கணக்கு இருந்தது, 'வலிப்பின் ரகசியத்தைப் படம்பிடித்தவர்' என்று தலைப்பும் இருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அவர் காலையில் வேலைக்குப் போய் என்னதான் செய்தார் என்று கேட்டால் கட்டுரையில் பதில் இல்லை. நான் இ.இ.ஜி. டெக்னீஷியன், அதாவது தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலைகளைக் கோடுகளாகப் பதிவு செய்கிறவன். என் சர்வீஸில் பெரும்பகுதி வலிப்பு நோய்ப் பிரிவில்தான் போனது. இந்த மாதிரி ஆராய்ச்சியாளர்களுக்குப் பக்கத்தில் நின்று நோயாளியின் தலையில் ஒயர் ஒட்டிய ஆள் என்ற முறையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு நோய் இருக்கிற எல்லோருக்கும் இந்தப் பெரிய பெரிய படமெல்லாம் தேவைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கில் உலகம் முழுக்க சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது, ஒழுங்காகக் கண்டுபிடித்து ஒழுங்காக மருந்து கொடுத்தால் அதில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பு வராமல் வாழலாம். சிக்கல் மீதிப் பேருக்குத்தான். கிளாஸ்கோவில் குவான், பிரோடி என்ற இரண்டு பேர் 470 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு, இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை மனப்பாடமாகச் சொல்வார்கள்: முதல் மருந்திலேயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றுவிட்டது, இரண்டாவது மருந்தில் இன்னும் 13 சதவீதம், மூன்றாவதில் வெறும் 1 சதவீதம். இரண்டு மருந்து தோற்றுவிட்டால், மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்துக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, அது மூளையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அந்தத் தேடலில்தான் உங்கள் கட்டுரையின் விஞ்ஞானி போன்றவர்கள் உள்ளே வருகிறார்கள்.

தேடுவது இரண்டு விஷயங்களை. வலிப்பு கிளம்பும் இடம் எது என்பது ஒன்று, அதை வெட்டி எடுத்தால் கூடவே எது போய்விடும் என்பது இன்னொன்று. பத்திரிகைகளுக்கு முதல் கேள்விதான் பிடிக்கும், அதில் துப்பறியும் கதையின் சுவை இருக்கிறது. உங்கள் கட்டுரையும் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் நான் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் தூக்கம் கெட்டு யோசித்தது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான்.

ஏன் என்று புரிய 1950களுக்குப் போக வேண்டும். மான்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தில் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்புக்காக மூளை அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்த காலம். பி.பி. என்ற எழுத்துகளால் மட்டும் நமக்குத் தெரிந்த ஒரு பொறியாளருக்கு இடது டெம்போரல் மடலின் உள்பகுதியை எடுத்தார்கள். டெம்போரல் மடல் என்பது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் பகுதி, அதன் அடியாழத்தில் புதிய நினைவுகள் உருவாகத் தேவையான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. ஒரே பக்கம்தான் எடுத்தார்கள், இன்னொரு பக்கம் அப்படியே இருந்தது. ஆனாலும் அந்த மனிதருக்குப் புதிதாக எதுவுமே நினைவில் தங்காமல் போய்விட்டது. அறிவு கெடவில்லை, பேச்சு கெடவில்லை, நினைவு மட்டும் ஒட்டவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைச் சோதித்துப் பார்த்தார். எடுக்காமல் விட்ட வலது பக்க ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே பழுதாகியிருக்க வேண்டும், வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைத்தான் நாம் எடுத்துவிட்டோம் என்று மில்னரும் பென்ஃபீல்டும் ஊகித்தார்கள். ஊகிக்கத்தான் முடிந்தது, உயிரோடு இருப்பவரின் மூளைக்குள் பார்க்க அன்று வழியில்லை. அவர் 1964இல் வேறு காரணத்தால் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது வலது ஹிப்போகாம்பஸ் சுருங்கிக் கிடந்தது.

இதே காலகட்டத்தில், 1953இல், அமெரிக்காவில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை நிபுணர் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கமும் எடுத்தார். அந்தக் கதை உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை அவருக்குப் புதிய நினைவு எதுவும் உருவாகவில்லை. நினைவாற்றலைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பாதி அவரால் கிடைத்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பெருமை எப்போதுமே கொஞ்சம் உறுத்தும். அவர் வந்தது வலிப்பு நிற்பதற்காக, நமக்குப் பாடம் சொல்லித்தர இல்லை.

பி.பி.யின் வலது பக்கத்துச் சுருக்கம் இன்றைக்கு எம்.ஆர்.ஐ.யில் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துவிடும். ஹிப்போகாம்பஸின் நீளவாக்குக்குச் செங்குத்தாக மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், பழுதான பக்கம் சிறுத்தும் ஒருவகைப் படத்தில் வெளுத்தும் இருப்பதைப் பழகிய கண் பிடித்துவிடும். 1990ஐ ஒட்டிய சில வருஷங்களில் அதன் கன அளவை அளந்து சொல்லவும் பழகிவிட்டார்கள். அதற்கு முன்னால் இந்தப் பழுதை வெட்டி எடுத்த பிறகு நுண்ணோக்கியில்தான் உறுதியாகப் பார்க்க முடிந்தது. அதாவது முதலில் வெட்டு, அப்புறம் பார். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றியது ஒருவர் இருவர் வேலை கிடையாது, ஒரு தலைமுறையே அதில் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கட்டுரையின் விஞ்ஞானியும் அந்தத் தலைமுறைதான், ஆனால் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை.

அடுத்து பேச்சு. மொழி மூளையின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்க முடியாது. பெரும்பாலோருக்கு இடது பக்கம்தான், ஆனால் சின்ன வயதிலிருந்தே வலிப்பு இருப்பவர்களில் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ஜூன் வாடா என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கழுத்துத் தமனி வழியாக மயக்க மருந்தைச் செலுத்தி மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடம் தூங்க வைப்பது. நோயாளி இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பார், மருந்து போனதும் ஒரு கை பொத்தென்று விழும், அந்தச் சில நிமிடத்துக்குள் படங்களைக் காட்டி "இது என்ன, இது என்ன" என்று கேட்க வேண்டும். பேச்சு நின்றால் மொழி அந்தப் பக்கம். பல பத்தாண்டுகள் இதுதான் நடந்தது. தமனிக்குள் குழாய் விடுவது சாதாரண விஷயமில்லை, ஆபத்து உண்டு.

1990இல் செய்ஜி ஓகாவா ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதும் குறைவதும் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும் என்று காட்டினார். அதிலிருந்து பிறந்த எஃப்.எம்.ஆர்.ஐ.யில் நோயாளி அசையாமல் படுத்துக்கொண்டு ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை மனசுக்குள் நினைத்தால் போதும், மொழிக்கு வேலை செய்யும் பக்கம் தெரிந்துவிடும். இன்றைக்குப் பல மையங்களில் வாடா சோதனை அரிதாகிவிட்டது. ஊசியும் குழாயும் இல்லாமல் போன அத்தனை பேரும் இந்த ஆராய்ச்சியால் பலன் பெற்றவர்கள்தான், அவர்களுக்கே அது தெரியாது.

பார்வையின் கதையும் இதேதான். டெம்போரல் மடலின் முன்பகுதியில் பார்வை நரம்பிழைகள் ஒரு வளையம் போட்டுத் திரும்புகின்றன. அதை வெட்டிவிட்டால் எதிர்ப்பக்கத்துப் பார்வையில் மேல் கால்பகுதி போய்விடும். வலிப்பு நின்றுவிட்டது, இனிமேல் வண்டி ஓட்டலாம் என்று சந்தோஷப்பட்டவருக்கு, பார்வைக் குறைவால் வண்டி ஓட்டும் உரிமம் கிடைக்காமல் போனால் எப்படி இருக்கும்? அந்த வளையம் ஆளுக்கு ஆள் இடம் மாறுவதால் பாடப்புத்தகத்தைப் பார்த்து வெட்ட முடியாது. திசுவுக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எளிதாக நகர்கின்றன என்று அளந்து, அந்த நோயாளியின் நரம்பிழைகள் போகும் பாதையையே வரைந்து தருகிறார்கள். லண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனைக் குழு அந்தப் பாதையை ஆபரேஷன் நடக்கும்போதே அறுவை நிபுணரின் நுண்ணோக்கிக்குள் தெரிய வைத்து, பார்வை இழப்பு குறைவதைக் காட்டியது. மண்டையோட்டைத் திறந்ததும் மூளை கொஞ்சம் இடம் நகர்ந்துவிடும் என்பதால் அறுவை அரங்கிலேயே மறுபடி ஸ்கேன் எடுத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இதெல்லாம் 'ரகசியத்தைப் படம்பிடித்தார்' என்ற தலைப்புக்குள் அடங்காது.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். கட்டுரையோடு ஒரு வண்ண மூளைப் படம் போட்டு, 'வலிப்பு வரும்போது மூளை இப்படித்தான் எரியும்' என்று அடியில் எழுதியிருந்தீர்கள். மூளை எரிவதில்லை. அந்தச் சிவப்பும் மஞ்சளும் யாரும் பார்த்த நிறம் கிடையாது, புள்ளிவிவரக் கணக்கின் முடிவுக்குப் பூசிய வண்ணம். 2009இல் சில ஆராய்ச்சியாளர்கள் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்து, அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் செத்த மீனின் மூளையிலும் சிவப்புப் புள்ளி வரும் என்று காட்டினார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, இந்தத் துறையில் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் தங்கள் படங்களையே சந்தேகப்படுகிறார்கள். பரிசுப் பட்டியலைவிட அந்தச் சந்தேகம்தான் எனக்கு மரியாதை வரவழைத்தது.

வலிப்பு வருகிற நேரத்தைப் படம்பிடிப்பது எப்படி நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். உடம்பு வெட்டி இழுக்கும்போது ஆளை ஸ்கேனருக்குள் வைக்க முடியாது. அதனால் ஸ்பெக்ட் என்ற முறையில், மெல்லிய கதிரியக்கம் உள்ள மருந்தை ஊசியில் ஏற்றி ஈயக் கவசத்தில் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நர்ஸ் ஒருவர் காத்திருப்பார். கையில் ஏற்கெனவே ஊசிக்குழாய் போட்டிருக்கும். நான் திரையில் இ.இ.ஜி. கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு பக்கத்தில் சீரான அலை மெல்ல ஆரம்பித்ததும் "போடுங்க" என்று கத்த வேண்டும். சில விநாடிகளுக்குள் போனால்தான் மருந்து வலிப்பு கிளம்பிய இடத்தில் படியும், தாமதமானால் வலிப்பு பரவிய இடத்தைக் காட்டி ஏமாற்றிவிடும். படிந்த மருந்து சில மணி நேரம் அங்கேயே இருக்கும், எனவே நோயாளி தெளிந்த பிறகு நிதானமாகப் படமெடுக்கலாம். அப்புறம் வலிப்பு இல்லாத நாளில் எடுத்த படத்தை இதிலிருந்து கழிப்பார்கள். கழித்து வந்த மிச்சத்தைத்தான் வண்ணம் பூசிப் போடுகிறோம். கொண்டுவந்த மருந்து நாள் முழுக்கப் பயன்படாது, சில நாள் மருந்து வீணாகும், அது வீணான அரை மணி நேரத்தில் வலிப்பு வரும். அன்றைக்கு எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

இ.இ.ஜி.யையும் எஃப்.எம்.ஆர்.ஐ.யையும் ஒரே நேரத்தில் எடுப்பது இதைவிடப் பாடு. இ.இ.ஜி. 1924இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையில் முதலில் பதிவு செய்தது. அது படிப்பது ஒரு வோல்ட்டின் லட்சத்தில் சில பங்கு அளவு மின்சாரத்தை. ஸ்கேனரோ பூமியின் காந்தப்புலத்தைப் போலப் பல்லாயிரம் மடங்கு காந்தம், அதில் மாறி மாறித் தட்டும் புலங்கள் வேறு. அதற்குள் போய் ஸ்பைக்கை, அதாவது வலிப்பு நோயாளியின் இ.இ.ஜி. கோட்டில் சட்டென்று வந்து மறையும் கூரிய முனையை, தேடுவது இடி இடிக்கும்போது பக்கத்து அறையில் ஊசி விழுவதைக் கேட்கிற மாதிரி. ஒயர் எங்கேயும் வளையமாகச் சுற்றிக்கொள்ளக் கூடாது, சுற்றினால் சூடாகித் தோலைச் சுட்டுவிடும். எல்லாவற்றையும் நேராக இழுத்து, அதிராமல் இருக்க மணல்மூட்டை வைத்து அழுத்துவேன். அப்படியும் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் தலை நூலளவு அசைந்து கோட்டில் அலை வரும். ஸ்கேனர் இ.இ.ஜி. கோட்டில் கலக்கும் மின் இரைச்சல் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் அதைச் சராசரி எடுத்துக் கழித்துவிடலாம் என்று 2000 வாக்கில் ஒரு வழி பிடித்தார்கள். ஏதோ ஒரு வரியில் 'பின்னர் தரவுகள் சுத்தம் செய்யப்பட்டன' என்று ஆய்வுக் கட்டுரையில் இருக்கும், அந்த ஒரு வரிக்குப் பின்னால் சில பேரின் முனைவர் பட்டமே இருக்கிறது.

இத்தனையும் செய்து நோயாளி ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கும்போது ஸ்பைக் ஒன்றுகூட வராமல் போவதும் உண்டு. நோயாளிக்கு அது நல்ல நாள், எங்களுக்கு வெறும் கை. வந்தாலும் ஸ்பைக்கின் ஆயுள் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதன் விளைவாக அந்த இடத்தில் ரத்தம் ஏறி உச்சத்துக்கு வர ஐந்தாறு விநாடி ஆகும். அந்த இடைவெளியைக் கணக்கால் நிரப்பித்தான் இடத்தைச் சொல்ல முடிகிறது. மான்ட்ரியலில் ஷான் கோட்மன் போன்றவர்களின் வேலையைப் பாருங்கள், 1970களில் இ.இ.ஜி.யில் ஸ்பைக்கைக் கணினியே கண்டுபிடிக்க வைப்பதில் தொடங்கி, 1982இல் வலிப்பையே கணினி அடையாளம் காண வைத்து, பிறகு இந்த இரட்டைப் பதிவுக்கு வந்தார். ஒரே கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு கருவியை மட்டும் மாற்றிக்கொண்டே போன வாழ்க்கை அது. இப்படி ஒரு வாழ்க்கையைப் பரிசுப் பட்டியலாகச் சுருக்கினால் நஷ்டம் வாசகருக்குத்தான்.

இன்னொன்று. மூளைப் படத்தில் 'இந்த இடம்' என்று சொல்ல எல்லோரும் பயன்படுத்தும் மூன்று எண் முகவரியே வலிப்பு அறுவை சிகிச்சையிலிருந்து வந்தது. பாரிஸின் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் ஜான் தலைராக், வலிப்பின் இடம் தேடி மூளைக்குள் மெல்லிய மின்முனைகளை இறக்குவதற்காகத்தான் அந்த அளவுமுறையை உருவாக்கினார். 1988இல் வந்த அவருடைய வரைபடம் ஒரே ஒரு பெண்மணியின் மூளையை வைத்து வரைந்தது. பின்னால் மான்ட்ரியலில் 305 பேரின் ஸ்கேன்களைச் சராசரி எடுத்துப் புதியதைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு மனச்சோர்வு, மொழி, முடிவெடுத்தல் என்று எதை ஆராய்ந்தாலும் அந்த முகவரியில்தான் எழுதுகிறார்கள். படமெடுப்பு வலிப்பு நோயாளிகளுக்குச் செய்த உதவியைப் பற்றிக் கட்டுரை பேசியது, வலிப்பு நோயாளிகள் படமெடுப்புக்குச் செய்தது அதைவிடக் குறைவில்லை.

கூட்டு முயற்சிகளையும் விட்டுவிட்டீர்கள். எனிக்மா என்ற உலகக் கூட்டமைப்பில் 24 மையங்கள் சேர்ந்து வலிப்பு உள்ள 2,149 பேரையும் இல்லாத 1,727 பேரையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். படத்தில் பார்த்தால் மூளை சாதாரணமாக இருக்கும் என்று சொல்லப்பட்ட வலிப்பு வகைகளிலும் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, சில இடங்களில் மெலிந்திருப்பது தெரிந்தது. ஆனால் வித்தியாசம் சிறியது, கூட்டத்தில் தெரியும், தனி ஆளிடம் காட்ட முடியாது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு ஆள், கையில் இருப்பதோ ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. இந்த இழுபறி இந்தத் துறையில் இருப்பவரைக் கடைசி நாள்வரை விடாது.

ஆபரேஷன் என்றாலே பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் 80 பேரை வைத்து நடந்து 2001இல் வெளியான ஆய்வில், டெம்போரல் மடல் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் கழித்து நினைவு தப்பும் வலிப்பு இல்லை, மருந்தை மட்டும் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம்தான். தகுதியானவர்களுக்கு இது வரம். அப்படியிருந்தும் பலர் பத்து இருபது வருஷம் மாத்திரை மாற்றிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் வந்து சேருகிறார்கள். அதே சமயம், எல்லாச் சோதனையும் முடிந்து கூடி உட்கார்ந்து பேசி, "இவருக்கு வேண்டாம், எடுத்தால் பேச்சு போய்விடும்" என்று முடிவாகும் நாளும் உண்டு. அந்த 'வேண்டாம்' என்பதும் ஆராய்ச்சியின் பலன்தான். அடுத்த முறை இப்படி ஒருவரைப் பேட்டி எடுத்தால், உங்கள் படத்தைப் பார்த்துக் கைவிட்ட ஆபரேஷன் எதுவும் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். விருது வாங்கிய நாளைப் பற்றிக் கேட்டதைவிட நல்ல பதில் வரும்.

கடைசியாக ஒரு திருத்தம், இதை மட்டுமாவது பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் வலிப்பு நோய் இல்லை' என்று பொருள்படும்படி கட்டுரையில் ஒரு வாக்கியம் வந்துவிட்டது. அது தவறு. வலிப்பு நோயா என்பதை மருத்துவர் முடிவு செய்வது, என்ன நடந்தது என்பதைக் கேட்டுத்தான், அதிலும் பக்கத்திலிருந்து பார்த்தவர் சொல்வதையும் செல்போனில் எடுத்த வீடியோவையும் வைத்து. எம்.ஆர்.ஐ. நார்மலாகவும் இ.இ.ஜி. நார்மலாகவும் இருந்து வலிப்பு நோய் இருக்கலாம். படத்தை எப்படி எடுத்தார்கள், யார் படித்தார்கள் என்பதும் முக்கியம். ஜெர்மனியின் பான் நகரக் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான எம்.ஆர்.ஐ.யை வலிப்பு நோயில் தனிப் பழக்கம் இல்லாதவர் படித்தபோது மூளையில் இருந்த பழுதுகளில் 39 சதவீதம்தான் பிடிபட்டது, அதே படத்தை வலிப்பு நோயில் பழகியவர் படித்தபோது 50 சதவீதம், வலிப்புக்கென்றே தனி முறையில் எடுத்துப் பழகியவர் படித்தபோது 91 சதவீதம். கையில் 'நார்மல்' ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வலிப்பு நிற்காமல் தவிக்கிற வாசகர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மருத்துவரிடம் போவதை நிறுத்தினால் பெரிய பாவம். வலிப்பு நோய்க்கென்று தனிப் பிரிவு உள்ள மருத்துவமனையில் அந்தப் படத்தை ஒரு தடவை மறுபடி காட்டச் சொல்லி எழுதுங்கள். அந்த வண்ணப் படத்தின் கீழே இருந்த வாசகத்தையும் அப்படியே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு இ.இ.ஜி. டெக்னீஷியன்